சுண்ணாம்புக் கோட்டுக்குள் படுத்துப் பார்த்த வீடு

அத்தை மஸ்கட்டிலிருந்து லீவில் வந்து பெட்டியைத் திறக்கும் நேரம்தான் எங்களுக்குப் பண்டிகை. சோப்பும் செண்டும் பாதாமும் கலந்த ஒரு வாசனை குப்பென்று வரும். அந்த முறை, பால் பவுடர் டின்களுக்கும் நைலக்ஸ் புடவைகளுக்கும் இடையில், கசங்கிவிடக் கூடாதென்று இரண்டு அட்டைகளுக்குள் வைத்து ஒரு படம் கொண்டுவந்திருந்தாள். ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து கத்தரித்தது. வயலுக்கு நடுவே ஒரு சின்ன வீடு. சிவப்பு ஓட்டுக் கூரை, முன்னால் மரத்தூண் போட்ட வராந்தா, ஜன்னலுக்கு ஜன்னல் பூந்தொட்டி, கூரை மேல் ஒரு புகைக்கூண்டு. மிட்டாய்க்காக நீட்டிய என் கையில் அந்தப் படத்தை வைத்து, "இதான்டி நம்ம வீடு" என்றாள். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. படத்தையா தின்ன முடியும்?

அத்தை என் அப்பாவுக்கு அக்கா. மிஷன் போர்டிங்கில் தங்கிப் படித்து, மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சி முடித்து, மஸ்கட்டுக்குப் போனவள். எங்கள் தெருவிலிருந்து விமானம் ஏறிய முதல் ஆள் அவள்தான். கல்யாணப் பேச்சு தள்ளிப்போய்த் தள்ளிப்போய், ஒரு கட்டத்தில் வீட்டில் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்கள். ஊரில் எஸ்.டி.டி. பூத் வந்து, மஞ்சள் போர்டுக்குக் கீழே ஜனங்கள் வரிசையில் நிற்க ஆரம்பித்திருந்த காலம் அது. கூத்தாநல்லூர்ப் பக்கமெல்லாம் வெளிநாட்டுக் காசில் மாடி மேல் மாடி எழும்பிக்கொண்டிருந்தது. சீர்காழிக்குப் பக்கத்தில் எங்கள் தெருவில் மட்டும் கூரை வீடுகள்தான். எங்கள் வீடும் அப்படித்தான், ஒரே அறை. சமையல், சாப்பாடு, படிப்பு, ஜெபம், சண்டை எல்லாம் அதற்குள்ளேயே. கதவென்று சொல்ல ஒரு தட்டி உண்டு, அதை நாய்கூட மூக்கால் தள்ளிக்கொண்டு வந்துவிடும்.

எங்கள் தாத்தா பண்ணையாளாக இருந்தவர். ஆயுசு முழுக்க அடுத்தவர் களத்தில் நெல் அடித்து, கூலி நெல்லை மரக்காலில் அளந்து துண்டில் வாங்கி வந்தவர். அத்தை அனுப்பிய பணத்தில் அப்பா கொஞ்சம் வயலும், வாய்க்கால் ஓரமாக மேடான ஒரு திடலும் வாங்கினார். அந்தத் திடலில்தான் படத்திலிருக்கும் வீடு வரப்போகிறது என்றாள் அத்தை.

அம்மா படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "இது என்னங்க அண்ணி, கூரை மேல?"

"புகைக்கூண்டு. ஹாலுக்குள்ளயே நெருப்பு மூட்டிக் குளிர் காய்வாங்க."

"நல்லாருக்கு போங்க. சித்திரை வெயிலுக்கு வீட்டுக்குள்ள நெருப்பு வேறயா? வெந்து போயிடுவோம்."

புகைக்கூண்டு அப்படிப் போனது. பூந்தொட்டியை ஆடு மேயும் என்று அதுவும் போனது. ஆனால் மற்றதையெல்லாம் அத்தை விடவில்லை. லீவு முழுக்க அதே வேலைதான். ஒவ்வொரு அறையையும் அந்த அறைக்கு உரியவரைக் கேட்டுக் கேட்டு அமைத்தாள். அம்மா அதுவரை குந்தி உட்கார்ந்தே சமைத்தவள். அவளைச் சுவரோரமாக நிற்கவைத்து, இடுப்பு உயரத்தில் கரியால் கோடு கிழித்து, "அடுப்பு மேடை இந்த ஒசரம். ஒரு விரக்கடை கூடக் கூடாது, கொறையக் கூடாது" என்றாள். மேடைக்கு நேரே வாய்க்காலைப் பார்த்து ஒரு பெரிய ஜன்னல். "சமைக்கிறவ செவத்தையே பாத்துக்கிட்டு நிக்கணும்னு என்ன தலையெழுத்து?" என்று கேட்டாள் அத்தை. அன்று அம்மா வைத்த மீன் குழம்பு அமர்க்களமாக இருந்தது.

படத்திலிருந்த வீட்டில் ஜன்னலோரம் மெத்தை போட்ட ஒரு மேடை இருந்தது. ஒரு சிறுமி அதில் காலை நீட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் அண்ணனுக்கும் ஒதுக்கிய அறையில் அதே மாதிரி ஒரு ஜன்னல் மேடை போடுவதாகச் சொன்னதும், மிட்டாய் கோபமெல்லாம் பறந்துவிட்டது எனக்கு. ஹாலின் அளவைக் கோரைப்பாயால் முடிவு செய்தாள். கிறிஸ்துமஸுக்கு வருகிற உறவுக்காரர் அத்தனை பேரும் தலையோடு தலை இடிக்காமல் படுக்க எத்தனை பாய் விரிக்க வேண்டுமோ அவ்வளவு நீளம். அப்பா கேட்டது ஒன்றே ஒன்று. வீட்டின் நடுவில், ஈரம் ஏறாமல், எலி நுழையாமல், நெல் கொட்டி வைக்க ஓர் அறை. நெல்லைத் துண்டில் வாங்கி வந்தவரின் மகன் நெல்லுக்கென்று ஓர் அறை கேட்கிறார். அத்தை ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லாமல், எல்லா அறைக்கும் முன்னால் அதற்குத்தான் இடம் ஒதுக்கினாள்.

கொத்தனார் வந்ததும் அக்னி மூலையில்தான் சமையல்கட்டு இருக்க வேண்டும் என்றார். நாங்கள் லுத்தரன் சபை. "எங்களுக்கு அந்த வாஸ்தெல்லாம் கெடையாதுங்க" என்று அப்பா கம்பீரமாகச் சொன்னார். கொஞ்ச நேரம் மண்ணைக் காலால் கிளறிவிட்டு, "எந்த மூலைன்னு சொன்னீங்க?" என்று மெதுவாகக் கேட்டார். அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. வீடு கட்ட மண்ணில் கோடு போட்டவுடன், கடப்பாரை விழுவதற்கு முன்னால், வீட்டு ஆட்கள் அந்தக் கோட்டுக்குள் பாய் விரித்துப் படுத்துப் பார்ப்பார்கள். கோடாக இருக்கும்போது எந்த வீடும் சின்னதாகத்தான் தெரியும், படுத்துப் பார்த்தால்தான் மனசு ஒப்பும் என்பது அங்கே பெரியவர்கள் கணக்கு. உளுந்து எடுத்த வயல்கள் காய்ந்து கிடந்த ஒரு காலையில், திடலில் சுண்ணாம்புத்தூளால் கொத்தனார் எங்கள் வீட்டை வரைந்தார். நாங்கள் பாய்களோடு போய் அவரவர் அறைக்குள் படுத்தோம். நான் இல்லாத ஜன்னல் மேடையில் காலை நீட்டினேன். அண்ணன், அவன் பக்கம் நான் வரக் கூடாதென்று அப்போதே குச்சியால் கோடு கிழித்தான். அம்மா சமையல்கட்டில் நின்று இல்லாத ஜன்னல் வழியாக வாய்க்காலைப் பார்த்துவிட்டு, பக்கத்து அறையில் வந்து படுத்தாள். அப்பா நெல் அறைக்குள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அத்தை கோட்டுக்கு வெளியே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "கால் இடிக்குதா? தலை இடிக்குதா?" என்று ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டே சுற்றி வந்தாள்.

அம்மாதான் முதலில் எழுந்து உட்கார்ந்தாள். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தாள்.

"அண்ணி, நீங்க எங்க படுப்பீங்க?"

அத்தை திகைத்துப்போனாள். உண்மையாகவே அவளுக்கு அது தோன்றியிருக்கவில்லை. ஆட்கள் பெயரைச் சொல்லிச் சொல்லி அறை போட்டவள், தன் பெயரை மறந்துபோயிருந்தாள். "அட, எனக்கென்ன" என்று சிரித்தாள்.

அப்பாவும் சிரித்தார். "அக்கா எங்க இங்க இருக்கப் போவுது? ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா லீவுல வருது. வந்தா ஹால்ல ஃபேனுக்கு அடியில ஜம்முனு படுத்துக்கும்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என் அப்பா அப்படிப்பட்டவரே இல்லை. அக்கா என்றால் போய்க்கொண்டே இருப்பவள், அனுப்பிக்கொண்டே இருப்பவள் என்று அவருக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான். ஆனால் அத்தையின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. சிரிக்கவும் முடியாமல் நிறுத்தவும் தெரியாமல் அவள் நின்றதை நான் பார்த்தேன்.

அம்மா பொதுவாக அப்பாவை நாலு பேர் முன்னால் எதிர்த்துப் பேச மாட்டாள். அன்றைக்குக் கொத்தனார், சித்தாள் எல்லோரும் நிற்க, புடவையில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டே கேட்டாள்:

"நெல்லுக்கு ஒரு ரூம் இருக்கு. நெல்லு வெளையிற நெலத்த வாங்கிக் குடுத்தவங்களுக்கு ரூம் இல்லியா? அவங்க என்ன விருந்தாளியா?"

"விடுங்க அண்ணி, சின்ன விஷயத்துக்குப் போயி" என்றாள் அத்தை. தம்பி பெண்டாட்டியை அவள் 'அண்ணி' என்று கூப்பிட்டு நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். பதற்றத்தில் முறைகூட மாறிவிட்டது அவளுக்கு.

அப்பா வரப்பு மேல் நடந்து போய்விட்டார். கொத்தனார் பீடி பற்றவைத்தார். "கோட்ட அழிக்கணும்னா இப்பவே சொல்லுங்க, தோண்டுனப்பறம் ஆவாது" என்றார். அத்தை, "நெல்லு ரூம்ல கைய வைக்கக் கூடாது. அவன் ஆசப்பட்டுக் கேட்டது" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வெயில் ஏறிய பிறகு அப்பா திரும்பி வந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஹாலில் கிடந்த பாயை எடுத்து உதறினார். நெல் அறைக்குள் போய், சுண்ணாம்புக் கோட்டில் கால் படாமல், அதை நேராக விரித்தார்.

"படுத்துப் பாருக்கா. கால் இடிக்குதா பாரு."

"டேய், வேணாம்டா. நெல்ல எங்க வைப்ப?"

"நெல்லு எங்க வேணா கெடக்கும். நீ படு மொதல்ல."

அத்தை குடையை மடக்கி வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிக் கோட்டுக்கு வெளியே விட்டு, உள்ளே போய்ப் படுத்தாள். கையைப் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொண்டு, விடுதியில் பக்கத்துக் கட்டிலில் யாரோ தூங்குகிறார்கள் என்பது மாதிரி ஒடுங்கிப் படுத்தாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கையை நீட்டினாள். அழுதாள். அம்மாவும் அழுதாள். எதற்கென்று முழுதும் புரியாமலே நானும் அழுதேன். கொத்தனார் அவசரமாக வந்து, "ஜன்னல் எந்தப் பக்கம் வேணும்மா? அலமாரி எங்க?" என்று கேட்டார். அம்மாவின் இடுப்பு உயரத்தை விரக்கடை சுத்தமாகத் தெரிந்து வைத்திருந்தவளுக்குத் தனக்கு ஜன்னல் எந்தப் பக்கம் வேண்டும் என்று தெரியவில்லை. "உங்க இஷ்டங்க" என்றாள். கடைசியில் அம்மாதான் கிழக்குப் பக்கம் என்று முடிவு செய்தாள்.

இப்போது நான் பெங்களூரில் ஒரு அடுக்குமாடியில் வீடு வாங்கியிருக்கிறேன். உள் அலங்காரம் செய்ய வந்த பெண் கணினித் திரையில் அறை அறையாகத் திருப்பிக் காட்டினாள். பண்ணை வீட்டுப் பாணியாம், இப்போது எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்களாம். மகனுக்கு ஓர் அறை, மாமியாருக்கு ஓர் அறை, கணவருக்கு வேலை பார்க்க ஒரு மூலை. எல்லாம் அழகாக இருந்தது, குறை சொல்வதற்கில்லை. நான் எழுந்து நின்று, "இதில் நான் எங்கே?" என்று கேட்டேன். "ஹால் முழுக்க உங்களோடதுதானே மேடம்" என்றாள் அந்தப் பெண். எனக்கு அத்தையின் ஞாபகம் வந்துவிட்டது.

கோடு போட்டு இரண்டு வருஷம் கழித்து, அடுத்த லீவுக்கு அத்தை வந்தபோது திடலில் வீடு முடிந்திருந்தது. படத்திலிருந்த வீட்டுக்கும் அதற்கும் வராந்தா ஓடுகளைத் தவிரப் பெரிய உறவொன்றும் இல்லை. எங்கள் களிமண்ணுக்கும் ஐப்பசி மழைக்கும் எது தாங்குமோ அதைக் கொத்தனார் கட்டியிருந்தார். வீட்டுப் பிரதிஷ்டைக்கு ஐயர் வந்தார். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். அவர் அறை அறையாகப் போய் ஜெபம் செய்தார். சமையல்கட்டில் அம்மா கண்ணைத் திறந்துகொண்டே ஜெபம் செய்ததை, அதாவது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்ததை, நானும் கண்ணைத் திறந்திருந்ததால் பார்த்தேன். நடு அறை வாசலில் ஐயர் நின்று, "இது யாரோட ரூம்?" என்று கேட்டார். "எங்க அக்காவோடதுங்க ஐயரே" என்றார் அப்பா. வேண்டியதைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.

பிரியாணி முடிந்து, உறவுக்காரர்கள் ஹாலில் பாய் விரித்துச் சாய்ந்திருந்த மத்தியானத்தில், அத்தை எழுந்து தன் அறைக்குள் போனாள். கதவைச் சாத்தினாள். பிறகு உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. ஹாலில் சாய்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். போர்டிங்கில் கதவைத் தாழ் போடக் கூடாதென்று சட்டம். நர்ஸ் விடுதியிலும், மஸ்கட்டிலும், ஷிப்ட் முடிந்து வருகிறவளுக்காகக் கதவு எப்போதும் சும்மா சாத்தியே கிடக்கும். தலை நரைக்கத் தொடங்கிய வயதில் அவள் முதல் முறையாக ஒரு கதவை உள்ளிருந்து பூட்டியிருக்கிறாள் என்று அம்மா எங்கள் காதில் சொல்லி, "யாரும் போயித் தட்டாதீங்க" என்று விரட்டினாள்.

சொன்ன பேச்சைக் கேட்காதவர் அப்பா ஒருவர்தான். வெகுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அக்காவுக்கென்று ஒரு தம்ளர் காப்பியை எடுத்துக்கொண்டு போனார். தட்டியைத் தள்ளிக்கொண்டு நுழைந்தே வளர்ந்த மனிதருக்குக் கதவைத் தட்டத் தெரியவில்லை. ஒரு விரலால், தட்டினாரா தடவினாரா என்று தெரியாத மாதிரி, தொட்டார்.

"அக்கா, உள்ள வரலாமா?"

தம்பி கேட்டு அத்தை அதுவரை எதற்கும் மறுப்புச் சொன்னதில்லை. ஹாலில் இருந்த அத்தனை பேரும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இப்ப வேணாம்டா" என்றது அத்தையின் குரல். "அப்புறமா வா."

அப்பா எங்கள் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர். "அப்புறமா வரச் சொல்லுது" என்று ஊருக்கே நல்ல சேதி சொல்வது மாதிரி சொல்லிவிட்டு, அந்தக் காப்பியைக் கதவோரமாக நின்று தானே குடித்தார்.