சல்யூட் அடிப்பதா, வாங்குவதா

பட்டாளத்துக்கு ஆசைப்பட்டுத் திரிவதும் ஒரு உத்தியோகம்தான்; சம்பளம் மட்டும் கிடையாது. ப்ளஸ் டூ முடித்த கையோடு அதில் சேர்ந்தேன். உங்களில் யாராவது ஜட்டியோடு மைதானத்தில் வரிசை கட்டி நின்று, நெஞ்சை விரித்துக் காட்டிவிட்டு மூச்சை வெளியே விட மறந்திருந்தால், கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுங்கள். நானும் உங்கள் பெஞ்சுதான்.

என்னிடம் இருந்த ஒரே சொத்து அடுத்தவர் குரல். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் குரலில் "எட்டயபுரம் ஏறு, எட்டயபுரம்" என்று கத்தி, நாலு பேரை வேறு திசையில் போகிற இடைசெவல் பஸ்ஸில் ஏற்றிவிட்டவன் நான். ஹெட்மாஸ்டர், ஏட்டையா, பாதிரியார் யாரையும் விட்டதில்லை. அதற்கெல்லாம் முதல் சிரிப்பு பசுவந்தனை அருள்ராசுவுடையது. ஒரே பெஞ்சு, ஒரே சைக்கிள். பட்டாளத்துக்கும் ஒன்றாகவே போவதாகப் பேச்சு.

தண்ணீர் எடை

அருள்ராசுக்கு உயரம் உண்டு, எடை கிடையாது. ஆள் எடுப்பு அன்று எங்கள் பக்கத்துப் பையன்கள் வழக்கமாகச் செய்கிற வைத்தியத்தைச் செய்தோம்: ஒரு சீப்பு வாழைப்பழம், அதன்மேல் வயிறு கொண்டமட்டும் தண்ணீர். முதலில் எடை, அப்புறம் ஓட்டம் என்று யாரோ சொன்னதை நம்பிவிட்டோம். அங்கே போனால் முதலில் ஓட்டம்.

பக்கத்தில் ஓடிய எனக்கு அவன் வயிற்றுக்குள் குடம் அலம்புகிற சத்தம் கேட்டது. நான் சிரித்தே பின்தங்கினேன். அவன் ஒரு சொட்டும் சிந்தாமல் ஓடி முடித்து, தொடையை இறுக்கிக்கொண்டு தராசில் ஏறினான். முள் சரியாக நின்றது. மீசைக்கார ஹவில்தார் முள்ளையும் பார்த்தார், அவன் முகத்தையும் பார்த்தார். "எடை சரியா இருக்கு. எறங்கி ஓடு தம்பி, கக்கூஸ் அந்தப் பக்கம்."

கயிற்றுக்கு இந்தப் பக்கம்

பின்தங்கினாலும் ஓட்டத்திலும் தராசிலும் நானும் எப்படியோ தேறிவிட்டேன். ஆனால் அதற்கு முந்தின வாரம்தான் வேறொன்று நடந்திருந்தது. இங்கிலீஷ் வாத்தியார் வற்புறுத்தி எழுத வைத்த ஆபீசர் பரீட்சையில் நான் பாஸ். அடுத்து நேர்காணல். சிப்பாயாக இன்றைக்கே சேரலாம். ஆபீசர் என்றால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், கிடைக்காமலும் போகலாம்.

அப்பா மைதானத்துக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். மானாவாரிப் பருத்தியையும் வானத்தையும் தவிர எதையும் அதிகம் பார்த்திராதவர். என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"ஏலே, ஆபீசர்னா துப்பாக்கி குடுப்பானா, பேனா குடுப்பானா?"

"ரெண்டும் குடுப்பாங்கப்பா."

அருள்ராசு வரிசையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. அப்பா கயிற்றைத் தூக்கிப் பிடித்தார். "அப்போ வெளிய வா. வெறும் துப்பாக்கிக்கு அவ்வளவு தூரம் போகாண்டாம்."

தனி ஓட்டம்

அருள்ராசு ரயிலேறியபின் நான் மட்டும் ஓடினேன். மழை பெய்த மறுநாள் கரிசலில் ஓடிப் பாருங்கள். ஆளுக்கு ஒரு காடு காலில் ஒட்டிக்கொண்டு கூடவே வரும். அதைவிடக் கனமாக இருந்தது வேறு. ஏட்டையா குரலில் ஒரு வார்த்தை விட்டால், சிரிக்க ஆள் இல்லை.

அதனால் அருள்ராசு குரலையும் நானே எடுத்துக்கொண்டேன். நான் கேட்பேன், அவன் குரலில் பதில் சொல்லுவேன், அவன் மாதிரியே மூக்கால் சிரிப்பேன். ஒரு நாள் சிரிப்பு நன்றாகவே வந்துவிட்டது. பருத்தி எடுக்கப் போய்க்கொண்டிருந்த ஒரு அக்கா நின்று, எனக்கு முன்னும் பின்னும் பார்த்தாள். "ஆர்ட்டய்யா பேசிக்கிட்டு ஓடுதிய? கூட ஒரு ஈ காக்காயக் காணுமே."

லீவு

பயிற்சி முடித்து கறுப்பு டிரங்குப் பெட்டியோடு அவன் வந்தபோது எனக்கு நேர்காணலுக்குத் தேதி வந்திருந்தது. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்தோம். முடியை ஒட்ட வெட்டியிருந்தான். டீயை ரெண்டே மடக்கில் குடித்தான். பாதிரியார் குரலில் அவன் முடிக்கு ஒரு ஜெபம் பண்ணினேன். சிரித்தான், ஆனால் யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான்.

ஆபீசர்களுக்குச் சாப்பாட்டு இடம் தனி, குடியிருப்பு தனி என்றான். ஆபீசர் தமாஷ் சொன்னால் விறைப்பாக நின்றுகொண்டே சிரிக்க வேண்டுமாம். "கவலைப்படாத, ஒன்ன எங்கூடவே வச்சுக்கிடுதேன்" என்றேன். டம்ளரைக் கீழே வைத்தான். "வச்சுக்கோ. ஆனா அதுக்கப்புறம் நான் ஒன்ன ஏலேன்னு கூப்புட்டா, என்னைய உள்ள வச்சுப் பூட்டிருவானுவ."

நான் கேட்டது அது இல்லை

நேர்காணல் பெங்களூரில், பல நாள். நெஞ்சில் ஒரு எண்ணைக் கட்டிவிட்டார்கள். அதோடு பெயர் போனது. கூட வந்தவர்கள் எல்லாரும் தூக்கத்திலும் இங்கிலீஷ் பேசுகிற பையன்கள். சாப்பாட்டு மேசையில் உப்பு கேட்பதற்குக்கூட வாக்கியத்தை மனசுக்குள் ஒரு தரம் ஓட்டிப் பார்ப்பேன். கேட்பதற்குள் உப்பு நகர்ந்துவிடும்.

நரைத்த ஆபீசர் ஒருவர் என் நெருங்கிய நண்பனைப் பற்றிக் கேட்டார். சிப்பாய் என்றேன். "சரி. அவன் உன் கீழே, உன் கம்பெனிப் படையில் இருக்கிறான். திரும்பி வருவது சந்தேகமான ஒரு வேலைக்கு ஆள் அனுப்ப வேண்டும். அதற்குத் தகுந்த ஆள் அவன்தான். அனுப்புவாயா?"

ஹெட்மாஸ்டர் குரல் எனக்கு வரும், ஏட்டையா குரல் வரும். ரெண்டு பேருமே அதட்டி அனுப்பியிருப்பார்கள். என் தொண்டையிலிருந்து என் குரல்தான் வந்தது. "நானும் கூடப் போவேன் சார்." அவர் கோபப்படவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் கேட்டது அது இல்லை."

அப்பாவின் உத்தரவு

தேறியவர்களில் என் எண் இல்லை. வயசு இருக்கிறது, டிகிரி முடித்துவிட்டு மறுபடி வா என்று தட்டிக்கொடுத்தே அனுப்பினார்கள். அப்பா அதற்குள் காலேஜ் விசாரித்து வைத்திருந்தார். எனக்கோ ஓடும்போதும் உட்காரும்போதும் அந்த ஆபீசர் கேட்ட கேள்விதான். "அனுப்புவேன்" என்பதுதான் பதில் என்று தெரிந்துவிட்டது. காட்டில் தனியாக நின்று எல்லாக் குரலிலும் சொல்லிப் பார்த்தேன். எல்லாரும் சொன்னார்கள், என் குரலில் மட்டும் அது வரவில்லை.

அடுத்த ஆள் எடுப்பில் சிப்பாயாகப் போகிறேன் என்றேன். அப்பா வெகுநேரம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். மாடு குடித்து முடித்துத் தலையைத் தூக்கியும் விட்டது. "நீ நாலு பேருக்கு உத்தரவு போடுதத ஒரு நா பாக்கணும்னு நெனச்சேன். சரி, போயிட்டு வா."

அசலைக் கேட்காதவர்கள்

ஆள் எடுப்பில் தேறினேன். அருள்ராசு ஒரு எல்லையில், என்னைப் பயிற்சிக்குப் போட்டது வேறொரு மூலையில். சிப்பாய்கள் படுக்கிற இந்தப் பாரக்கில் தமிழ் பேச ஒருத்தன் இல்லை. முதல் ரெண்டு வாரம் ஊமையாக இருந்தேன். அப்புறம் ஒரு சாயங்காலம், இந்தி அரைகுறையாகப் புரிகிற நிலையில், எங்களுக்கு டிரில் சொல்லிக்கொடுக்கிற உஸ்தாத் குரலை எடுத்துவிட்டேன். கட்டில்கள் குலுங்கின. உங்கள் ஊர்க்காரர் ஒருவரையும் செய் என்றார்கள்.

யாரைச் செய்வது? ஏட்டையாவை இவர்கள் பார்த்ததில்லை. அசல் தெரியாதவனிடம் நகலுக்கு என்ன மதிப்பு? யோசிக்காமல் அம்மா குரல் வந்தது: "சோறு ஆறுதுய்யா, வந்து ஒரு வாய் தின்னுட்டுப் போ." ஒருத்தனும் சிரிக்கவில்லை. அடுத்த கட்டிலில் இருந்த, இமயமலைப் பக்கத்து கர்வால்காரப் பையன், ஒரு சொல்லும் புரியாதவன், இந்தியில் கேட்டான்: "யார் இது? ரொம்ப தூரத்திலிருந்து கூப்பிடுகிறாள் போலிருக்கிறதே."

இவ்வளவு காலம் மண்டையைக் குழப்பிக்கொண்டவன் என்ற முறையில் சொல்லுகிறேன்: சல்யூட் அடிக்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் கட்டில் ஒத்தைக் கட்டில்தான், வாங்குகிறவனுக்குக் கொசுவலையில் கிழிசல் கொஞ்சம் கம்மி.