தரையில் ஒரு சூடான இடம்

அமீரகத்தின் புஜைரா நகரில் நாங்கள் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். போன குளிர்காலத்தில், படுக்கையறைத் தரையில் ஓரிடம் மட்டும் காலுக்கு வெதுவெதுப்பாக இருந்தது. ஈரம் இல்லை. தண்ணீர் சூடானதும் அணைய வேண்டிய வாட்டர் ஹீட்டரின் சிவப்பு விளக்கு மட்டும் அணையவே இல்லை. கணவரிடம் சொன்னேன். "குளிருக்கு இதமாத்தானே இருக்கு, விடு" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில், கீழ்வீட்டு பாத்திமா கைக்குழந்தையுடன் வந்து நின்றாள். "அக்கா, கொஞ்சம் கீழே வாங்க." அவள் அறையில் கூரையின் சிமென்ட் பூச்சு ஊறி, பாளமாகத் தொட்டிலுக்குள் விழுந்து கிடந்தது.

"இப்பத்தான் பால் கொடுக்கப் புள்ளயத் தூக்குனேன்" என்றாள்.

நான் தொட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிளம்பர் வந்து எங்கள் வீட்டுக் குழாய்களையெல்லாம் மூடச் சொன்னார். அப்படியும் தண்ணீர் மீட்டர் சுற்றியது. ஹீட்டருக்குப் போகும் வால்வை அடைத்ததும் நின்றது. "சுடுதண்ணி லைன்லதான் லீக்கு" என்றார். நான் காட்டிய இடத்தில் டைல்ஸைப் பெயர்த்தார். அடியில் குழாய் இணைப்பு கசிந்துகொண்டிருந்தது.

பாத்திமா இதுவரை ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசவில்லை. இப்போதெல்லாம் மாதம் ஒருமுறை குழாய்களை மூடிவிட்டு மீட்டரைப் பார்க்கிறேன். அது அசையவில்லை என்று தெரிந்த பிறகும், கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கிறேன்.