இருதயம்மாளின் வறுத்த மணல்

க்யிம்யிண்டைங் பேட்டையின் ரயில் பாதையோரம் முப்பது வருஷமாகக் கடலை வறுக்கிறாள் இருதயம்மாள். மாசி மாதம் அவளுக்கு ஆகாது. விடிகாலையில் ஸ்வெட்டர் கேட்கும் குளிர், மத்தியானம் மண்டையைப் பிளக்கும் வெயில். போதாக்குறைக்குப் போன வாரம் காலங்கெட்ட மழை ஒன்று வந்து, எல்லோரையும் நனைத்துவிட்டு ஓடிப்போனது. இரண்டே நாளில் புல் பழையபடி சருகு.

மழையில்லாத இந்த மாதங்களில் வீட்டுக்கு வீடு வாசலில் மணல் பை தொங்க வேண்டும், தீப்பிடித்தால் கொட்டுவதற்கு. பை இல்லாத வீட்டில் பகலில் அடுப்பு எரியக் கூடாது. இருதயம்மாளோ தன் பங்கு மணலைச் சலித்துச் சட்டியில் கொட்டிக் கடலை வறுத்தாள். பை காலியாகத் தொங்கினால் நன்றாயிருக்காது என்று கடலைத் தொலியை அடைத்து வைத்தாள்.

பேட்டையின் தீக்காவல் பொறுப்பாளர் செல்லையா வந்து பைக்குள் கையை விட்டார்.

"நெருப்பை அணைக்கச் சொன்னா, அதுக்குத் தீனி கட்டி வெச்சிருக்கீங்களே அக்கா."

"பாக்க மணல் மாதிரித்தானே தம்பி இருக்கு."

"அடுப்பை அணைங்க. மழைக்காலம் வர்ற வரைக்கும் பத்த வைக்கக் கூடாது."

இருதயம்மாள் சட்டியைப் பார்த்தாள். மூன்று மாதம் என்னத்தைத் தின்பது? "இந்த ஒரு சட்டி மட்டும் இறக்கிடறேன்" என்றாள். செல்லையா ஒரு பிடி கடலையை வாயில் போட்டுக்கொண்டு தலையாட்டினார்.

அப்போது ஆற்றுப் பக்கமிருந்து காற்று திரும்பியது. யாரோ எறிந்த சுருட்டுத் துண்டில் பாதையோரப் புல் பற்றி, தீ பக்கத்து வீட்டு மூங்கில் வேலிக்கு வந்துவிட்டது. மின்சாரம் இல்லை, அதனால் மோட்டாரும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஆளுக்கொரு மணல் பையோடு ஓடி வந்தார்கள். போன வாரத்து மழையில் ஊறி, இந்த வாரத்து வெயிலில் காய்ந்த வண்டல் மணல் செங்கல்லாக இறுகிக் கிடந்தது. செல்லையா ஒரு கட்டியைத் தீயைக் குறிபார்த்து வீசினார். அது வேலியைத் தாண்டிப் போய் ஒரு கோழியைத் துரத்தியது.

இருதயம்மாள் கந்தலால் சட்டியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பொலபொலவென்றிருந்த மணலைக் கடலையோடு சேர்த்து வேலியடித் தீயில் கொட்டினாள். தீ அமுங்கியது. மிச்சத்தை மற்றவர்கள் செருப்பால் மிதித்து அணைத்தார்கள்.

காலிச் சட்டியோடு திரும்பி வந்தவள், சொன்ன சொல் மாறாமல் அடுப்பிலிருந்து விறகை உருவினாள்.

செல்லையா பேட்டை அலுவலகத்துக்குப் போனார். மழை படாமல் உள்ளே இருந்த சிவப்பு வாளியைத் தூக்கி வந்து, அதிலிருந்த மணலை அவள் சட்டியில் கவிழ்த்தார்.

"வறுங்க அக்கா. பேட்டை மணல் இனிமே உங்க சட்டியிலதான் இருக்கணும்."

இருதயம்மாள் உருவிய விறகைத் திரும்பச் செருகி ஊதினாள்.