ஒருத்தரும் நிப்பாட்டச் சொல்லாத குளிசை

அம்மா கிணற்றடியில் விழுந்து நெற்றி உடைந்த அன்று எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். "வயசு போட்டுது." பக்கத்து வீட்டு அன்ரி சொன்னார். ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன ஓட்டோக்காரர் சொன்னார். லண்டனில் இருக்கும் அண்ணை, தையல் போட்ட நெற்றியை வீடியோவில் பார்த்துவிட்டு, "வயசு போனா உப்பிடித்தான், நீ கவனமாப் பார்" என்று எனக்குப் புத்தி சொன்னார்.

அம்மாவுக்கு அப்போது எழுபத்தொரு வயது. எங்கள் ஊர் உபதபாலகத்தில் தபால் அதிபராக இருந்து ஓய்வுபெற்றவர். எந்த வீட்டுப் பிள்ளை எந்த நாட்டில் எந்தத் தெருவில் இருக்கிறது என்று யோசிக்காமல் சொல்லக்கூடிய மனுசி. அப்படிப்பட்டவர் ஒரு வருடத்துக்குள் மாறிப்போனார். பேச்சுக் குழறியது. பட்டப்பகலில் கதிரையில் இருந்தபடியே தலை தொங்கியது. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிடுவார். குசினி முழுக்கப் புகையாக இருக்கும். சாப்பிட்டுக் கை கழுவியவர் மறுபடி வந்து சோறு கேட்பார். மறதி வருத்தம் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. நான் பிரதேச சபை நூலகத்தில் வேலை பார்க்கிறவள், கல்யாணம் கட்டாதவள், அம்மாவோடு இருக்கிறவள். ஆகவே எல்லாரும் எனக்கு அனுதாபம் சொன்னார்கள். அதோடு அவர்களுடைய வேலை முடிந்தது.

தையல் வெட்டப் போனபோது அங்கே இருந்தவர்கள் மனநலப் பிரிவிலும் ஒருக்கால் காட்டச் சொன்னார்கள். அங்கிருந்த டொக்டர் என்னைவிட வயது குறைந்த பெண். அம்மாவின் வயதைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. முதலில் கேட்டது இதைத்தான்: "அம்மா, நித்திரைக்குக் குளிசை ஏதும் போடுறனீங்களோ?"

"எப்பவாவது ஒண்டு," என்றார் அம்மா.

டொக்டர் என்னைப் பார்த்தார். "அடுத்த முறை வரேக்கை வீட்டிலை இருக்கிற எல்லாக் குளிசையையும் ஒரு பையிலை போட்டுக் கொண்டுவாங்கோ."

அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்துத் தேடினேன். அலுமாரியில் சேலை மடிப்புகளுக்குள் இருந்தது. தலையணை உறைக்குள் இருந்தது. குசினியில் மல்லித்தூள் போத்தலுக்குப் பின்னால், சாமியறையில் படங்களுக்குப் பின்னால், எங்கு கை வைத்தாலும் இருந்தது. எல்லாம் ஒரே சின்ன வெள்ளைக் குளிசை, அட்டை அட்டையாக. பை நிறைந்தது. எனக்கு அழுகை வரவில்லை. அலுமாரிக் கதவை நான் அடித்துச் சாத்தியதில் அதன் கண்ணாடி வெடித்தது.

டொக்டர் பையைக் கொட்டிப் பார்த்தார். "இவ்வளவு போட்டா இளம் ஆளுக்கே தலை சுத்தும். வயசு போன உடம்பிலை இது கெதியாப் போகாது, தேங்கி நிக்கும். மறதி வருத்தமோ இல்லையோ எண்டு இதைக் குறைச்ச பிறகுதான் சொல்லலாம்."

"இண்டைக்கே எல்லாத்தையும் எறியிறன்," என்றேன்.

"ஐயோ, அப்பிடிச் செய்து போடாதேங்கோ. திடீரெண்டு நிப்பாட்டினா வலிப்பு வரும். மாசக்கணக்கா, கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கவேணும். அம்மா இதுக்கு அடிமைப்பட்டுப் போனா."

அடிமை என்ற சொல் அம்மாவின் காதில் விழுந்தது. கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு எழும்பினார்.

"நான் அரசாங்க உத்தியோகம் பார்த்தனான் பிள்ளை. என்ரை வாயிலை ஒரு சொட்டுக் கள்ளுப் பட்டதில்லை. ஆரெண்டு நினைச்சுக் கதைக்கிறாய்?"

டொக்டரிடம் இப்படிக் கேட்டுவிட்டுக் கதவைத் திறந்து வெளியே போய்விட்டார். வீடு வந்து சேரும்வரை பஸ்ஸில் யன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் குறைக்கத் தொடங்கினேன். குளிசைகளை என் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, டொக்டர் சொன்ன அளவை மட்டும் கொடுத்தேன். அம்மாவின் கை நடுங்கியது. உடம்பெல்லாம் வேர்த்தது. கதவு சாத்துகிற சத்தத்துக்கும் திடுக்கிட்டார். நித்திரை இல்லை. விடிந்ததும் என் பின்னாலேயே வருவார். "ஒண்டே ஒண்டு தா." நான் கொடுக்காவிட்டால், "நான் செத்தாத்தான் உனக்குக் காணும், என்ன?" நான் வேலைக்குப் போன நேரங்களில் படலையில் நின்று, மகள் மருந்து தராமல் தன்னைக் கொல்கிறாள் என்று போகிற வருகிறவர்களிடம் சொன்னார்.

சனம் அதை நம்பியது. பிஸ்கட்டும் அப்பிளுமாக வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டு, போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள்: "பாவம், வயசு போன மனுசி. இன்னும் எத்தினை நாளைக்கு? கேக்கிறதைக் குடுத்து விடு பிள்ளை."

இந்த "விடு பிள்ளை"யைக் கேட்டால் எனக்கு இப்போதும் உடம்பு எரிகிறது. இருபது வயதுப் பெடியன் ஒருவன் போதைத்தூள் பாவித்தால் ஊர் கூடிக் கூட்டம் வைக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பதாகை பிடித்து ஊர்வலம் போகிறார்கள். எழுபது வயதுக்காரி அடிமைப்பட்டால் மட்டும் விடு என்கிறார்கள். விடு என்றால் என்ன கருத்து? இனி இவர் நடந்தென்ன, விழுந்தென்ன, சொந்தப் பிள்ளையின் பேரை மறந்தென்ன என்பதுதானே? இதை அன்பு என்று வேறு நினைத்துக்கொள்கிறார்கள்.

கொஞ்சநாளில் அம்மா தெளிந்து வந்தார். பத்திரிகை வாசித்தார். பிறகு திடீரென்று பேச்சு மறுபடி குழறத் தொடங்கியது. நான் கொடுத்த அளவு கூடவில்லை. எனக்கு விளங்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில்தான் மோசமாக இருக்கிறது என்பதைக் கவனிக்க எனக்குச் சில கிழமைகள் பிடித்தன. வெள்ளிக்கிழமைகளில்தான் தொண்டைமானாற்றில் இருந்து சின்னம்மா வருவார். அம்மாவின் ஒரே தங்கை. சந்நிதி கோயிலில் கும்பிட்டுவிட்டுத் திருநீறும் பூவும் கொண்டுவருவார்.

ஒரு வெள்ளி அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தேன். இருவரும் விறாந்தையில் இருந்தார்கள். சின்னம்மா கைலேஞ்சி முடிச்சை அவிழ்த்து அம்மாவின் கையில் எதையோ வைத்தார்.

"என்ன சின்னம்மா அது?"

"கோயில் திருநீறு பிள்ளை."

அம்மாவின் விரல்களைப் பிரித்துப் பார்த்தேன். அதே வெள்ளைக் குளிசை.

"அவ அழுதவ," என்றார் சின்னம்மா. "எனக்குப் பார்க்க ஏலாமல் போட்டுது."

"கிழமையிலை ஒரு மணித்தியாலம் அவ அழுறதைப் பார்க்க ஏலாது உங்களுக்கு. விழுந்து இடுப்பு முறிஞ்சா ஆர் பார்க்கிறது? நீங்கள் வந்து கழுவித் துடைப்பியளோ?"

"என்ன கதை கதைக்கிறாய்? நான் உன்ரை அம்மான்ரை தங்கச்சி."

"தங்கச்சியெண்டா இனி இந்தப் படலைக்குள்ளை வராதேங்கோ."

சின்னம்மா அழுதுகொண்டே போனார். பொழுதுபடும் முன் லண்டனுக்குச் செய்தி போய்விட்டது. அண்ணை எடுத்தார்.

"சின்னம்மாவை வீட்டை விட்டுக் கலைச்சனியாம்?"

"ஓம்."

"இஞ்சை பார், அம்மா கடைசிக் காலத்திலை சந்தோசமா இருக்கவேணும். அதுக்கு ஒரு குளிசை தேவையெண்டா..."

"அப்ப நீங்கள் வந்து பக்கத்திலை இருந்து குடுங்கோ," என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அடுத்தநாள் காலை சந்தியில் இருக்கிற மருந்துக்கடைக்குப் போனேன். அம்மாவும் சின்னம்மாவும் அங்கேதான் வாங்கியிருந்தார்கள். டொக்டர் எழுதின துண்டு இல்லாமல் எப்படிக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். கடைக்காரர் சிரித்தார். "போஸ்ட் ஒவ்வீஸ் அம்மாவுக்கு இல்லையெண்டு என்னண்டு சொல்லுறது பிள்ளை? எவ்வளவு மரியாதையான மனுசி."

மரியாதை! நான் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கடைக்குள் நின்று கத்தினேன். "உங்கடை மரியாதையாலை அவ சொந்தக் கிணத்தடியிலை மண்டை உடைஞ்சு கிடந்தவ. இனி ஒரு குளிசை குடுத்தியளெண்டா அவவைக் கூட்டிவந்து உங்கடை வாசலிலை இருத்துவன். நீங்களே பாருங்கோ." மருந்து வாங்க நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். சுற்றுவட்டாரத்தில் இருந்த மற்றக் கடைகளுக்கும் போய்ச் சொன்னேன். எனக்கு விசர் பிடித்துவிட்டது என்று ஊரில் கதை வந்ததும் அதற்குப் பிறகுதான்.

இப்படி அடிமைப்பட்டவர்களைப் பராமரிக்கிற குடும்பத்தவர்களுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு கூட்டம் நடக்கிறது என்று டொக்டர் சொல்லியிருந்தார். போனேன். முக்கால்வாசிப் பேர் குடிகாரக் கணவன்மாரின் மனைவிமார். எனக்கு இங்கே என்ன வேலை என்று நினைத்துக்கொண்டு கதவோரம் இருந்தேன். பக்கத்தில் காங்கேசன்துறைப் பக்கத்து அக்கா ஒருவர். அவருடைய கணவர் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், இப்போது எழுபது தாண்டியும் குடிக்கிறார்.

"எங்கடை மனுசன் றோட்டிலை விழுந்து கிடக்கும், ஊருக்கே தெரியும்," என்றார் அவர். "உங்கடை அம்மா சாமியறைக்குள்ளை வைச்சு விழுங்கியிருக்கிறா. அவ்வளவுதான் வித்தியாசம். என்ரை மூத்தவன் கனடாவிலை இருந்து வரேக்கை தேப்பனுக்கு விஸ்கிப் போத்தல் கொண்டுவாறான். கேட்டா, அப்பா இன்னும் எத்தினை நாளைக்கு எண்டுறான்."

அங்கே இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்படிக் கோபத்தோடு பலபேர் சேர்ந்து சிரித்ததை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

கூட்டத்தை நடத்திய சமூக சேவை உத்தியோகத்தர் என் பக்கம் திரும்பி, "நீங்கள் நித்திரை கொள்ளுறனீங்களோ?" என்று கேட்டார். அத்தனை மாதத்தில் ஒருவரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. "இல்லை" என்று தேவைக்கு அதிகமான சத்தத்தில் சொன்னேன். பிறகு அவர், "நீங்கள் தனியக் காவல் நிண்டு களைச்சுப் போவியள். அம்மா ஏன் தொடங்கினவ எண்டு அவவிட்டைக் கேட்டனீங்களோ?" என்றார். அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. இதுவும் இனி என் வேலையா என்று எரிச்சலோடுதான் வீட்டுக்கு வந்தேன்.

நான் கேட்கவும் இல்லை. அம்மாவேதான் சொன்னார். அதுவும் பஸ் நிலையத்தில்.

ஒரு பின்னேரம் பக்கத்து வீட்டு அன்ரி நூலகத்துக்குப் போன் எடுத்தார். அம்மா கைப்பையும் குடையுமாக யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறிவிட்டார். நான் அடுத்த பஸ்ஸில் போனேன். பஸ் நிலையத்து வாங்கு ஒன்றில் அம்மா இருந்தார். வேலைக்குப் போகும் காலத்தில் உடுத்துவது போலச் சேலை உடுத்தியிருந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறார்.

"ஒருத்தனும் தரமாட்டானாம். துண்டு கேக்கிறாங்கள்," என்றார்.

நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்கு முன் அவர் கத்தினார்.

"அப்பா செத்து எட்டுச் செலவண்டைக்கு நான் அழுதுகொண்டிருந்தனான், அவ்வளவுதான். நானாப் போய்க் கேட்டனானே? டொக்டரெண்டு ஒருத்தரைக் கூட்டிவந்து, 'இதைப் போட்டுப் படுங்கோ' எண்டு தந்தவை. பிறகு பார்த்தவரும் அதையே எழுதினவர். அதுக்குப் பிறகு பார்த்தவர் என்ரை முகத்தைக்கூடப் பாக்காமல் எழுதினவர். எப்ப நிப்பாட்டுறதெண்டு ஒருத்தன் சொன்னவனே? இவ்வளவு வருசமும் தந்து போட்டு, இப்ப எல்லாருமாச் சேர்ந்து என்னைக் கள்ளியாக்கிப் போட்டியள்."

பருத்தித்துறை பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டேன். அம்மா சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை. அத்தனை மாதமும் நான் அம்மாவோடு கோபித்துக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்க்காமல் எழுதிக் கொடுத்தவரோடு கோபிக்க எனக்குத் தோன்றவே இல்லை.

பக்கத்தில் இருந்தேன். "அம்மா, இதை அப்பிடியே இப்ப உங்களைப் பார்க்கிற டொக்டரிட்டைச் சொல்லுவமோ?"

"சொல்லத்தான் வேணும்," என்றார்.

அடுத்த கிளினிக்கில் டொக்டர் இருக்கச் சொல்லியும் அம்மா இருக்கவில்லை. நின்றபடி எல்லாவற்றையும் சொன்னார். டொக்டர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, "நீங்கள் சொல்லுறது சரி அம்மா. எப்பிடி நிப்பாட்டுறதெண்டு சொல்லாமல் தந்தது எங்கடை ஆக்களின்ரை பிழை. உங்கடை பிழை இல்லை," என்றார்.

அம்மா இன்னும் நீண்ட சண்டைக்கு ஆயத்தமாக வந்திருந்தார். கதிரையை இழுத்து இருந்தார். "சரி. இப்பவாவது சொல்லு பிள்ளை, எப்பிடி நிப்பாட்டுறது?"

அன்றிலிருந்து குளிசை அம்மாவின் பொறுப்பு. டொக்டரோடு கதைத்துத் தானே அளவைத் தீர்மானித்தார். பாதியாக்கி, அந்தப் பாதியையும் பிளேட்டால் வெட்டிக் கால் ஆக்கினார். ஒருமுறை தாங்கமுடியாமல் பழைய அளவுக்குத் திரும்பினார்; அதையும் அவரே போய் டொக்டரிடம் சொன்னார். அப்பிளோடு வந்தவர்கள் வாயைத் திறக்கும் முன்பே, "நான் குளிசைக்கு அடிமைப்பட்டுப் போனனான். வைத்தியம் செய்யிறன். தேத்தண்ணியைக் குடியுங்கோ" என்றார். அப்பிள் வருவது நின்றது.

முழுதாக நிறுத்த ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. மறதி வருத்தம் இல்லை என்று டொக்டர் சொன்னார். பேச்சுத் தெளிந்துவிட்டது. சில பெயர்கள் மட்டும் திரும்ப வரவில்லை. நித்திரை குறைவுதான், விடியமுன்னமே எழும்பிக் குசினியில் சட்டிபானையை உருட்டுவார். கறியில் உப்புக் காணாது என்று என்னோடு சண்டை பிடிப்பார். அளவில்லாமல் குளிசை போட்ட காலத்தில் அவர் என்னோடு சண்டை பிடித்ததே இல்லை. அதற்கு அவரிடம் தெம்பு இருக்கவில்லை.

அண்ணை போனமாதம் வீடியோவில் அம்மாவைப் பார்த்துவிட்டு, "பார்த்தியோ, எல்லாம் தன்பாட்டிலை சரிவந்திட்டுது" என்றார். தன்பாட்டிலையாம். நான் போனை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு எழும்பிப் போனேன்.

சின்னம்மா எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. அம்மாதான் இப்போது வெள்ளிக்கிழமைகளில் தொண்டைமானாற்றுக்குப் போகிறார். தன் மடியில் தங்கச்சி எதையாவது வைத்தால் திருப்பி அவரின் மடியிலேயே போடத் தனக்குத் தெரியும் என்கிறார். ஒவ்வொரு முறையும் "நீயும் வாவன்" என்று கூப்பிடுவார்.

"எனக்கு இன்னும் கோபம் ஆறேல்லை அம்மா," என்றேன் போன வெள்ளி.

"எனக்கும்தான் ஆறேல்லை," என்றார், செருப்பைக் கொழுவிக்கொண்டே. "அதுக்காக நான் போகாமல் இருக்கேலுமே?"

அவர் போனார். நான் போகவில்லை.