குட்டிக்குச் செய்த முன்பல்

என் வீட்டுக்காரருக்குப் பல் செய்கிற வேலை. பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் அனுப்பும் பல் அச்சை வைத்து, லேபில் உட்கார்ந்து, உடைந்த பல்லின் மேல் மாட்டும் கேப் செய்து கொடுப்பவர். இருபத்திரண்டு வருஷத்தில் ஆயிரக்கணக்கான வாய்களுக்குப் பல் கொடுத்திருக்கிறார். ஒரு முகத்தையும் பார்த்ததில்லை. நிறம் பொருத்துவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று லேபில் 'கழுகு' எனக் கூப்பிடுவார்கள். கல்யாணத்துக்கு முன் முதல்முறை என்னோடு பேசியபோது என் சிரிப்பைப் பார்த்துவிட்டு, "ஏ-மூணு" என்றார். பல் நிற அட்டையில் அது கொஞ்சம் மஞ்சள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவருடைய தங்கையை நாங்கள் குட்டி என்போம். நாற்பது வயதுக் குட்டி. பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டு டீச்சர். போன வருஷம் படிக்கட்டில் விழுந்ததில் மேல்வரிசை முன்பல் பாதிக்குமேல் உடைந்து, வேர் சிகிச்சை செய்தார்கள். வாயை நன்றாகத் திறந்து காட்டாமல் பிள்ளைகளுக்குப் பாட்டு வருமா? "வாயைத் திறக்கவே கூச்சமா இருக்கு அண்ணி, வேலையையே விட்டுடலாம்னு பார்க்கிறேன்" என்று அழுதாள். எனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம்தான். ஆனாலும் அன்று என் முந்தானையாலேயே அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன்.

"அழாதேடா, நானே செய்றேன்" என்றார் இவர்.

மறுநாள் மூன்று மாதிரிப் பற்களைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார்.

"இது உள்ளே உலோகம், மேலே பீங்கான். கெட்டி. ஆனா கொஞ்ச வருஷத்துல ஈறோரம் கறுப்புக் கோடு தெரியும்."

"ஐயோ, வேண்டவே வேண்டாம்."

"இது சிர்கோனியா. இரும்பு மாதிரி. அடியில என்ன இருந்தாலும் மறைச்சிடும். ஆனா சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி உயிரில்லாம இருக்கும்."

மூன்றாவதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். லித்தியம் சேர்ந்த கண்ணாடிப் பீங்கான். வெளிச்சம் உள்ளே புகுந்து, நிஜப் பல்லாகவே தெரிந்தது.

"பேசாம சிர்கோனியாவையே போடுங்க. உங்க தங்கச்சி என்னைக் கடிச்சாலும் உடையாது" என்றேன். சிரித்தார். குட்டிக்கு மூன்றாவதுதான் என்று அவர் மனசுக்குள் எப்போதோ முடிவாகியிருந்தது.

அந்தக் கண்ணாடிப் பீங்கானில் ஒரு சிக்கல் உண்டு. அடியிலிருக்கும் பல்லின் நிறம் அதன் வழியே தெரியும். அதனால் டாக்டர் அனுப்பும் சீட்டில் அடிப்பல் நிறத்துக்கென்று ஒரு கட்டம். அது காலியாக வந்தால் போன் போட்டுக் கேட்காமல் இவர் வேலையைத் தொடமாட்டார். குட்டியின் சீட்டிலும் காலிதான். கேட்கவில்லை. "என் தங்கச்சி பல்லு எனக்குத் தெரியாதா?" என்றார். வேர் சிகிச்சை செய்த பல் உள்ளே கறுத்துப்போகும் என்று லேபில் எல்லாருக்கும் பாடம் எடுக்கிற மனுஷன்! ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.

வெள்ளை அச்சில் வைத்துப் பார்த்தபோது பல் அத்தனை அழகு. மூன்று நாள் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒட்டுவதற்கு முன் டாக்டர் கண்ணாடியை நீட்டினாராம். "எங்கண்ணன் செஞ்சது டாக்டர், பார்க்கவே வேண்டாம், ஒட்டிடுங்க" என்றாளாம் இவள். கழுகின் வேலை என்றதும் அந்த மகராசனும் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டிவிட்டார்.

அங்கிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, "அண்ணா, பாரு!" என்று சிரித்தாள். ஈரச் சிமெண்ட் நிறத்தில் இருந்தது பல். இவர் முகம் செத்துவிட்டது. "நல்லா இருக்குடா" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை.

மறுநாள் குட்டிக்குத் தெரியாமல் நாங்கள் இரண்டு பேரும் டாக்டரிடம் ஓடினோம்.

"ஒட்டின பசை பல்லோட ஒண்ணாயிடுச்சு. அறுத்துத்தான் எடுக்கணும். உள்ளே மிச்சம் இருக்கிறது நகத்தளவு. அதுவும் விரிசல் விட்டிருக்கு. அறுத்தா வேரோட போயிடும். நிறத்துக்காக நான் அதைத் தொடமாட்டேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அந்தக் கட்டத்தை ஏன் காலியா விட்டீங்க?"

"தப்புதாம்மா. ஆனா காலியா இருந்தா உங்க வீட்டுக்காரர் எப்பவும் போன் பண்ணிடுவார். இந்தத் தடவை பண்ணலை."

அவள் பல்லின் எக்ஸ்ரேயைக் காட்டிக் கேட்டதில் வேறு இரண்டு டாக்டர்களும் அதையேதான் சொன்னார்கள். என்ன செய்வது? கையைப் பிசைந்துகொண்டு வீடு திரும்பினோம்.

ஞாயிற்றுக்கிழமை குட்டி வந்தாள்.

"அண்ணா, கோவிச்சுக்காதே. கண்ணாடியில பார்த்தா ஒரு மாதிரி சாம்பலா தெரியுது. பிள்ளைங்களும் 'டீச்சர் பல்லு அழுக்கா இருக்கு'ன்னு சொல்லுதுங்க. நிறம் சரிதானே?"

அவள் முகவாயைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார். நெடுநேரம் பார்த்தார்.

"சரியாத்தாம்மா இருக்கு. உங்க வீட்டு வெளிச்சம் சரியில்லை."

"அப்பாடா! உன் கையைப் போய் சந்தேகப்பட்டுட்டேனே, மன்னிச்சிடுண்ணா" என்று அவர் தோளில் சாய்ந்தாள். பிறகு, ஒரு வருஷமாக மூடிக்கிடந்த வாயை முழுசாகத் திறந்து, கூடத்தின் நடுவில் நின்று ஒரு பாட்டு பாடினாள். இவர் கடைசிவரை கேட்டார். நாளைக் காலையில் அந்தப் பிள்ளைகள் முன்னால் இப்படியேதான் போய் நிற்பாள். ஊர் வாய்க்கெல்லாம் பதில் சொல்கிற எனக்கு, அவளைத் தடுக்க வாய் வரவில்லை.