எங்கள் ஊர்ப் பக்கம் விசிறிய புகை

இது நடந்து நான்கு வருடம் இருக்கும். அரூர் கடைவீதியில், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நடந்தது. மொரப்பூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு சின்ன கிராமம்தான் எங்கள் ஊர். நான் எட்டாவது வரைக்கும் படித்தவள், எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் இதை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக மனசில் கிடக்கிறது.

எனக்குச் சாமி கும்பிடுவது என்றால் சாம்பிராணிதான். மந்திரம் தெரியாது, பாட்டும் வராது. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து, விளக்கேற்றி, கொட்டாங்குச்சியைச் சுட்டுக் கனலாக்கித் தூபக்காலில் போட்டு, மேலே ஒரு பிடி சாம்பிராணித் தூள் தூவினால் குப்பென்று எழும்பும் பாருங்கள், அப்போதுதான் சாமி என் வீட்டுக்குள் கால் வைத்த மாதிரி இருக்கும். முதலில் தீர்த்தமலை சாமி படத்துக்குக் காட்டுவேன். அப்புறம் சமையல்கட்டு, நெல் மூட்டை, பீரோ, கதவு இடுக்கு, மாட்டுக்கொட்டகை என்று ஒரு இடம் விடமாட்டேன். கடைசியாக ஆணியில் தொங்கும் என் வீட்டுக்காரர் சட்டைக்கும் காட்டுவேன்.

"சட்டைக்கு எதுக்குடி சாம்பிராணி? அதுக்கு என்ன பேயா புடிச்சிருக்கு?" என்று கேலி செய்வார். ஆனால் மறுநாள் காலையில் அந்தச் சட்டையைத்தான் தேடிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார்.

அவர் மாவு மில்லில் வேலை பார்த்தவர். கல்யாணம் ஆன நாள் முதல் தலை, புருவமெல்லாம் வெள்ளையாகத்தான் வீட்டுக்கு வருவார். அந்த மாவுத்தூசி நெஞ்சுக்குள்ளேயும் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. இருமல் வந்தது, மாடிப்படி ஏற முடியாமல் போனது, அப்புறம் படுத்துத் தூங்க முடியாமல் போனது. தர்மபுரியில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

வீட்டில் பீடி, சிகரெட் பிடிக்கிறவர்கள் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். விறகடுப்பா என்றார். கேஸ்தான் என்றேன். சாம்பிராணி, ஊதுபத்தி போடுவீர்களா என்று கேட்டார். அவர் கேட்டது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"வாராவாரம் வூடு பூரா போடுவேனுங்க."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இனிமே வேண்டாம்மா. ஊதுபத்தி, கற்பூரம், கொசுவத்தி, சாம்பிராணி எதுவுமே வேண்டாம். உங்களுக்குத்தான் அது வாசனை. அவரு நெஞ்சுக்கு எல்லாமே புகைதான்."

அன்றைக்கே தூபக்காலைச் சாக்கில் சுற்றி மாட்டுக்கொட்டகைப் பரணில் வைத்துவிட்டேன். அவர் மூச்சைவிட எனக்கு என்ன வேண்டும்? ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும், அதன் பிறகு சாமி கும்பிடுவது, போன் போட்டு அந்தப் பக்கம் யாரும் எடுக்காத மாதிரி ஆகிவிட்டது. விளக்கு எரியும், நான் நிற்பேன், ஒன்றும் வராது. மல்லி, மரிக்கொழுந்து எல்லாம் வாங்கிப் படத்துக்கு வைத்துப் பார்த்தேன். நல்ல வாசம்தான். ஆனால் பூவின் வாசம் வைத்த இடத்திலேயே இருந்துகொள்ளும். சாம்பிராணி எழுந்து நடக்கும், வீட்டைச் சுற்றிப் பார்க்கும், கூரை வழியாக மேலே போகும். நாம் சொல்வதைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இருக்கும்.

நான் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"எனக்காகச் சாமியப் பட்டினி போடாத புள்ள. கொஞ்சூண்டு போடு. நான் வெளிய போயி உக்காந்துக்கறேன்."

"சும்மா கெடங்க. சாமிக்கு ஒண்ணும் பசிக்கல."

"சாமிக்குப் பசிக்கல. உனக்குப் பசிக்குதே, அதச் சொல்றேன்."

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலுக்குக் கூழ் கொண்டுபோயிருந்தேன். திரும்பி வரும்போது தெரு முனையிலேயே அந்த வாசனை வந்தது. எங்கள் வீட்டு வாசனை. எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. அம்மன் எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டு, சிரித்தபடியே வேகமாக நடந்தேன். வாசலுக்கு வந்தால், அவர் இரண்டு கையாலும் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வாய் திறந்திருக்கிறது, மூச்சு உள்ளே போகவில்லை. உதடெல்லாம் நீலம் பாரித்துவிட்டது. உள்ளே தூபக்கால் எரிந்துகொண்டிருந்தது. பரணிலிருந்து எடுத்து, எனக்காக அவரே போட்டிருக்கிறார்.

பக்கத்து வீட்டு ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு அரூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மூக்கிலும் வாயிலும் ஒரு மூடியை வைத்து மருந்தைப் புகை மாதிரி விட்டார்கள். ரொம்ப நேரம் கழித்து அவருக்கு நிறம் திரும்பியது. மூடியை ஒரு கையால் தள்ளிவிட்டு, "பாத்தியா, இங்க எனக்கே சாம்பிராணி போடுறாங்க" என்றார். நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அழுகைதான் வந்தது.

"ஏங்க இப்படிப் பண்ணுனீங்க?"

"கோயில்லருந்து நீ உள்ள வரும்போது வாசமா இருக்கட்டும்னுதான்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் தூபக்காலை எடுத்துக்கொண்டுபோய்க் கோயிலிலேயே கொடுத்துவிட்டேன்.

அதற்கப்புறம் அவருக்கு மருந்து வாங்க வாராவாரம் நான்தான் அரூர் போவேன். வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் அங்கே கடைவீதியில் ஒரு பாய் வருவார். அறுபது வயசு இருக்கும். தலையில் குல்லா, தோளில் பை, ஒரு கையில் பிடி வைத்த தூபக்கால், இன்னொரு கையில் மயில்பீலி. கடை கடையாக ஏறி, கல்லாவுக்கும் சரக்குக்கும் புகையை விசிறிவிட்டு, கடைக்காரர் கொடுப்பதை வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போவார். முதல் தடவை மருந்துக்கடை வாசலில் நான் நிற்கும்போது அந்தப் புகை என் மேல் பட்டது. அப்படியே நின்றுவிட்டேன். தண்ணீரில்லாமல் கிடந்த நிலத்தில் மழை விழுந்த மாதிரி இருந்தது. அடுத்த கடைக்கு அவர் போனார். கால் தன்னால் அவர் பின்னாலேயே போனது.

அப்படியே வழக்கமாகிவிட்டது. அவர் ஏறும் கடையில் நானும் ஏதோ விலை கேட்கிற மாதிரி நின்று, கண்ணை மூடி, மனசுக்குள் சாமியிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவேன். பூக்காரம்மா ஒருத்தி இதைக் கவனித்துவிட்டாள்.

"என்னாக்கா, பாய் போற கடைக்கெல்லாம் நீயும் போற? டயர் கடையில உனக்கு என்னா வேல?" என்று தெருவே கேட்கிற மாதிரி கேட்டாள். வெட்கத்தில் தலை நிமிராமல் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தேன்.

பின்னாலேயே அந்த பாய் வந்தார். "தங்கச்சி, கொஞ்சம் நில்லும்மா. ரெண்டு மாசமா நானும் பாக்கறேன். வூட்டுல ஏதாச்சும் சங்கடமா? ஓதி ஊதணுமா?"

எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ, நடுத்தெருவில் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாவு மில், டாக்டர், ஆடி வெள்ளி, நிலைக்கதவு எல்லாம். புகை என் பக்கமே வரட்டும் என்று பாய் தூபக்காலைக் கொஞ்சம் கிட்டே பிடித்துக்கொண்டார்.

"எங்கூட்டுலயும் அதே கததாம்மா" என்றார். "எம் பொண்டாட்டி கல்யாண வூடுகள்ல வெறகடுப்புல நின்னு நின்னு சமைச்சவ. நெஞ்சு கெட்டுப்போச்சு. ஊருக்கெல்லாம் வாசன காட்டறேன், என் வூட்டுக்கு ஒரு பொட்டுப் புகை கொண்டுபோக முடியாது. இதக் கொண்டுபோயி டீக்கடைக்குப் பின்னால வச்சிடுவேன். பள்ளிவாசல் கொழாயில கை, கால், மூஞ்சி எல்லாம் கழுவி, வேற சட்ட போட்டுக்கிட்டுத்தான் வாசப்படியையே மிதிப்பேன்."

"அவங்களுக்கு ஆச இருக்காதுங்களா பாய்?"

"இல்லாம இருக்குமா? நான் போய் உக்காந்ததும், இன்னிக்கு எந்தெந்தக் கடைக்குப் போனீங்கன்னு கேப்பா. வரிசையாச் சொல்லுவேன். ஒவ்வொரு கடைக்கும் நல்லா இருக்கட்டும்னு துவா கேப்பா. ஒரு கடைய வுட்டுட்டாக்கூடக் கண்டுபுடிச்சிடுவா, அவ்ளோ வெவரம்." சொல்லும்போதே சிரித்தார்.

அப்புறம் பையிலிருந்து ஒரு பிடி தூள் எடுத்தார். "உங்க வூட்டுக்காரரு பேரச் சொல்லும்மா. அவருக்காகப் போடறேன்."

கல்யாணம் ஆனதிலிருந்து அவர் பேரை நான் வாயால் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில்கூட ரேஷன் கார்டைத்தான் காட்டினேன். நான் முழிப்பதைப் பார்த்து பாய்க்குப் புரிந்துவிட்டது.

"சரி, பேரு வேணாம். உங்க ஊரு எந்தப் பக்கம்?"

மொரப்பூர் ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினேன். அவர் அந்தப் பக்கம் திரும்பி நின்றார். தூளைக் கனலில் போட்டார். குப்பென்று எழும்பிய புகையை மயில்பீலியால் எங்கள் ஊர் இருக்கும் திசைக்கு மெதுவாக விசிறிக்கொண்டே ஏதோ முணுமுணுத்தார். பஸ்ஸுக்கு நின்ற ஜனம் வேடிக்கை பார்த்தது. கேலி செய்த பூக்காரம்மாகூட எழுந்து நின்றுவிட்டாள். நான் கைகூப்பிக்கொண்டேன். அத்தனை மாசமாக எடுக்காத போனை அந்தப் பக்கம் யாரோ எடுத்த மாதிரி இருந்தது எனக்கு. காசு கொடுக்கப் போனேன். "தங்கச்சி கிட்ட வாங்குவனா?" என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார்.

மற்ற வாரங்களில் பஸ் காற்றிலேயே வாசம் போய்விடும். அன்றைக்குக் கனலுக்குக் கிட்டேயே நின்றதால், பஸ் முழுக்க என் சேலையிலிருந்தும் முடியிலிருந்தும் சாம்பிராணி மணந்துகொண்டே வந்தது. வீட்டு வாசலில் நாற்காலி போட்டு அவர் உட்கார்ந்திருந்தார். நான் கிட்டே போகும்போதே மூக்கை உயர்த்தி, "அட, சாம்பிராணி!" என்றார். குழந்தை மாதிரி முகம் மலர்ந்துவிட்டது. முந்தானையைப் பிடிக்கக் கை நீட்டினார்.

"அங்கயே இருங்க! கிட்ட வராதீங்க!"

"என்னடி, தீட்டு மாதிரி தள்ளி நிக்கற? மோந்து பாத்தா உசுரா போயிடும்?"

வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைக்குப் போனேன். தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். ஒவ்வொரு சொம்புக்கும் அந்த வாசனை கொஞ்சம் கொஞ்சமாக என்னை விட்டுப் போனது. போகாதே என்று பிடித்து வைத்துக்கொள்ளலாமா என்றிருந்தது. தண்ணீர் எது, கண்ணீர் எது என்று எனக்கே தெரியவில்லை. முடியை மோந்து மோந்து பார்த்து, ஒன்றுமில்லை என்று ஆன பிறகுதான் வேறு சேலை கட்டிக்கொண்டு உள்ளே வந்தேன்.

விளக்கேற்றினேன். அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பாய் சொன்னதும், ஊர்ப் பக்கம் திரும்பி விசிறியதும் எல்லாம் சொன்னேன். எந்தக் கடைக்கு அடுத்து எந்தக் கடை என்று விடாமல் கேட்டுக்கொண்டார். "பேரச் சொல்லியிருக்கலாமில்ல" என்று என்னைச் சீண்டினார். விளக்கு முன்னால் அவர் மூச்சு விசில் சத்தம் இல்லாமல் உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டே கும்பிட்டேன்.

இன்றைக்கும் வெள்ளிக்கிழமை வந்தால் என் மூக்கு தேடத்தான் செய்கிறது, இன்றைக்கும் அரூர் போய்விட்டு வந்தால் கொல்லையில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருகிறேன். என் வீட்டில் மறுபடியும் சாம்பிராணி எழும்பும் நாள் ஒன்று வந்தால் அது எந்த நாளாக இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால் அந்த நாளைக் காட்டாதே, கடைசிவரைக்கும் இந்த ஏக்கத்தோடேயே என்னை வைத்திரு என்றுதான் சாமியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.