தானாக நிரம்பிய தொட்டி

மாயக்கண்ணனுக்கு ஊருக்குள் இரண்டு பெயர். செக்காலை ரோட்டை ஒட்டிய சந்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருப்பதால் ‘காயில் கட்டுற ஆசாரி’ என்பது ஒன்று. வாயில் பொய் வராத மனுஷன் என்பது இன்னொன்று. ஒரு மோட்டார் தேறாது என்று தெரிந்தால் முகத்துக்கு நேரே சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார். வந்த பிழைப்பை விரட்டுகிறாரே என்று பக்கத்துக் கடைக்காரர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

கை மட்டும் சும்மா இருக்காது. முதலில் முட்டை பொரிக்கும் பெட்டி செய்தார்; நாற்பது முட்டையும் அவிந்துபோயின. அடுத்து மழைக்காலத்தில் துணி காயவைக்கும் பெட்டி. மனைவி விசாலியின் பட்டுச்சேலை ஒன்று அதற்குள் பொசுங்கியது. இரண்டு தடவையும் விசாலி உள்ளதை உள்ளபடி சொன்னாள். இரண்டு தடவையும் மனிதர் இரண்டு நாள் சோறு தண்ணி இல்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். உண்மை பேசுகிறவருக்கு அதைக் கேட்டுக்கொள்கிற தெம்பும் இருக்க வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

மூன்றாவது வேலை மீன் தொட்டியில். மகள் பூஜா கல்லூரி விடுதிக்குப் போகும்போது விட்டுப்போன தொட்டி. வெயிலுக்கு அதில் நாளுக்கு அரை விரல் தண்ணீர் குறையும். ஒரு சொம்பு, இரண்டு சொம்பு கையால் ஊற்றினால் தீர்ந்தது. ஆனால் கையால் ஊற்றுவதற்கு மாயக்கண்ணன் எதற்கு? தொட்டிக்கு மேலே பலகை அடித்து, குழாய் வைத்த இருபது லிட்டர் கேன் ஒன்றை ஏற்றினார். அதன் அடியில் தனித் துளையிட்டு, குளுக்கோஸ் ஏற்றுகிற டியூபைத் தொட்டிக்கு இறக்கி, முனையில் பழைய ஏர்கூலரின் மிதவையை மாட்டினார். தண்ணீர் குறைந்தால் மிதவை தாழ்ந்து வழி திறக்கும். நிரம்பினால் மிதவை ஏறி அடைத்துக்கொள்ளும். வீடு வெள்ளக்காடாகிவிடக் கூடாதே என்று வழியை ஊசித் துளை அளவுக்கு வைத்தார். கேனில் ஊற்றியது தெருவில் எல்லோரும் புழங்குகிற போர் தண்ணீர்தான்.

வேலை செய்தது. கேனில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பார். கோடு கோடாக இறங்கியிருக்கும். தனக்குத் தானே சிரித்தபடி மறுபடி நிரப்புவார். இப்படிப் பதினோரு மாதம். கடைக்கு வருகிற ஒருவரையும் இந்தப் பெருமையைச் சொல்லாமல் அவர் விட்டுவைக்கவில்லை.

அப்படி மாட்டியவர்தான் பல் டாக்டர் சத்தியப்பிரியா. கிளினிக்கில் மீன் தொட்டி உண்டு. சித்திரைக் கடைசியில் பத்து நாள் வெளியூர் போக வேண்டும். மாயக்கண்ணன் வீட்டுக்கே கூட்டிவந்து காட்டினார்.

“கையால ஒரு சொம்பு ஊத்துனது இல்ல டாக்டரம்மா. பதினோரு மாசம். என் பேச்ச நம்பிப் போயிட்டு வாங்க.”

விசாலி பக்கத்தில் நின்று காப்பி கொடுத்தாள். மறுநாளே கிளினிக்கிலும் அதேபோல் ஒன்றைப் பொருத்திக் கொடுத்தார்.

டாக்டர் திரும்பிவந்து போன் செய்தபோது குரலில் கோபம்கூட இல்லை. மாயக்கண்ணன் ஓடிப் போய்ப் பார்த்தார். தொட்டியில் அரைச் சாண் தண்ணீர் இறங்கியிருந்தது. தண்ணீர் எட்டாமல் பில்டர் மோட்டார் ஓடி ஓடிக் கருகியிருந்தது. அஞ்சு வருஷம் வளர்த்த தங்க மீன்கள் மூன்றும் செத்து மிதந்தன. மேலே கேனில் இரண்டு விரல்தான் இறங்கியிருந்தது.

“உங்க வீட்டுல பதினோரு மாசமா ஓடுதுன்னு சொன்னீங்களே, அது நிஜமா? அத மட்டும் சொல்லுங்கண்ணே,” என்றார் டாக்டர்.

“நாளைக்கு வந்து சொல்றேம்மா.” எங்கே கோளாறு என்று வீட்டில் ஓடுகிறதைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தார்.

வீட்டுத் தொட்டி விளிம்புவரை நிறைந்திருந்தது. கேனில் பாதி இறங்கியிருந்தது. மிதவையை விரலால் அழுத்தினார், அசையவில்லை. சுற்றிலும் உப்பு வெள்ளையாக ஏறி, ஊசித் துளை கல்லாக இறுகிக் கிடந்தது. கிளினிக்கின் கடும் உப்புத் தண்ணீருக்கு அதே துளை பத்து நாள்கூடத் தாங்கவில்லை என்பது புரிந்தது. ஆனால் இது ஒரு வாரத்தில் படிந்த உப்பு இல்லை.

“விசாலி, இது எம்புட்டு நாளா அடைச்சுக் கெடக்கு?”

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். “மூணாவது மாசத்துலருந்து. வெந்நிப் பானையிலயும் அப்படித்தான உப்புப் பிடிக்குது.”

“அப்ப தண்ணி?”

“நாந்தான் ஊத்துனேன். நீங்க கடைக்குப் போனதும் ரெண்டு சொம்பு.”

“கேன்ல கொறஞ்சுச்சே.”

“கேன் குழாயிலதான் பிடிச்சேன். இல்லாட்டி ஞாயித்துக்கெழம உங்களுக்குத் தெரிஞ்சிருமே.”

அந்த இடத்தில்தான் அவருக்குச் சுட்டது. அடுக்களைக் குடத்திலிருந்து ஊற்றியிருந்தால் ஒத்தாசை என்று விட்டிருப்பார். கோட்டைப் பார்த்து, கோட்டுக்குத் தக்கபடி பிடித்து ஊற்றியிருக்கிறாள். ஒன்பது மாத ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சிரித்த சிரிப்பையெல்லாம் இவள் அடுக்களையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“பூஜாவுக்கு?”

“தெரியும். லீவுக்கு வந்தப்ப அவதான் ஊத்துனா.”

“டாக்டரம்மாகிட்ட நான் அடிச்சுச் சொன்னப்ப பக்கத்துலதான நின்ன?”

“நின்னேன். அப்பப் போயி சொன்னா உங்க மூஞ்சி என்னத்துக்காகும்? பெறகு சொல்லிக்கலாம்னு இருந்தேன்.” குரல் தாழ்ந்தது. “சொன்னா படுத்துருவீக. சோறு வேணாம்பீக. எனக்குப் பயமா இருந்துச்சு.”

அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பது அவருக்குத் தெரியும். அதனால் ஆத்திரம் இன்னும் கூடியது. நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அதைப் பெற்ற மகளும் கட்டிய மனைவியும் பிரியத்தோடு செய்திருக்கிறார்கள். பச்சைப் பிள்ளையைச் சமாளிப்பதுபோல் தன்னைச் சமாளித்திருக்கிறார்கள் என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலையில் கிளினிக்குக்குப் போனார். வழியெல்லாம் ஒரே யோசனை. டாக்டரிடம் நடந்ததைச் சொல்வதென்றால், என் வீட்டில் என்னை ஒன்பது மாதம் ஏமாற்றினார்கள் என்று சொல்ல வேண்டும். விசாலி அந்தக் கிளினிக் நாற்காலியில் உட்கார்ந்து பல் அடைத்துக்கொண்டவள். நாளைக்கும் அங்கேதான் போக வேண்டும்.

“நிஜமாண்ணே?” என்றார் டாக்டர்.

“இல்லம்மா. பொய் சொன்னேன். ரெண்டு மாசந்தான் ஓடுச்சு. மிச்சமெல்லாம் கையால ஊத்துனதுதான். பெருமைக்குச் சொல்லிட்டேன்.”

நாற்பத்தெட்டு வயதில் அவர் சொன்ன முதல் பொய். நீங்களா, நம்ப முடியலையே என்று டாக்டர் ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்துக்கொண்டு நின்றார்.

“நெனச்சேன்,” என்றார் டாக்டர். அடுத்த ஆளை உள்ளே வரச் சொன்னார்.